கத்தியில் குடியேறிய நாகம்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் கரையோர வீதியில் உள்ள பழைய ஊர்களுள் இலுப்பைக்கடவையும் ஒன்று. மேற்கே கடல், கிழக்கே வயலும் குளமும் காடுமாக விரியும் வன்னி நிலம். இந்நிலத்து உழவர்க்கு நாகம் வெறும் நச்சுயிர் அன்று, அது நாகதம்பிரான். வயலிலும் வரம்பிலும் ஊரும் பாம்பினால் தீங்கு வாராதிருக்க அவர்கள் நாகதம்பிரானுக்குப் பொங்கி வழிபடுவர். தெற்கே மாந்தையில் விளங்கும் திருக்கேதீச்சரம், கேது வழிபட்ட தலம் என்று மரபு கூறும். இராகுவும் கேதுவும் பாம்புக் கோள்கள் என்பது யாவரும் அறிந்ததே.

இவ்வாறு ஈழத்து மக்கள் குளக்கரையிலும் கோயிலிலும் வைத்துப் போற்றிய நாகத்தை, கடலுக்கு அப்பால் யாவா, பாலி முதலிய தீவுகளில் வாழ்வோர் மற்றுமோர் இடத்தில் வைத்துப் போற்றினர். அவ்விடம் அவர்கள் இடையிற் செருகும் கத்தி. அக்கத்தியை அவர்கள் கெரிஸ் என்பர். ஈழத்தில் அது கிறிஸ் கத்தி என வழங்கும். நாகம் கத்தியில் எவ்வாறு குடியேறிற்று, அங்கு அது எவ்வெவ் வடிவம் கொண்டது, ஈழத்துப் படைக்கலங்களில் ஏன் அவ்வாறு குடியேறவில்லை என்பன ஆராயத்தக்கவை. பாம்புருவத்தைச் சரியாக வாசிப்பது வெறும் அழகுணர்ச்சி பற்றிய செய்தி அன்று. ஒரு நாட்டின் இழந்த செல்வத்தை இன்னதென்று அறிந்துகொள்வதும் சில வேளைகளில் அதனையே பொறுத்துள்ளது.

முதலில் இவ்விரு கரைகளுக்கும் இருந்த உறவைக் காண்போம். மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பழைய நூல்கள் கூறும் துறைமுகம் மாந்தையே. அங்கு நடைபெற்ற அகழ்வாய்வில், கி.பி. 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்ததான கராம்பு ஒன்று கிடைத்துள்ளது. அந்நாளில் கராம்பு விளைந்த இடம் இந்தோனீசியாவின் கீழ்க்கோடியிலுள்ள மலுக்குத் தீவுகள் மாத்திரமே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அத்தீவுகளின் பண்டம் மன்னார்க் கரையில் இறங்கியது என்பதற்கு அச்சிறு கராம்பு சான்றாகும்.

பண்டம் வந்த வழியிலே படையும் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்திலிருந்த தாம்பரலிங்கத்தை ஆண்ட சந்திரபானு இலங்கைமீது இருமுறை படையெடுத்தான். முதற் படையெடுப்பு 1247-இல் நிகழ்ந்தது. பின்னர் வந்தபோது அவன் மாதோட்டத்தில் இறங்கினான் என்றும், பாண்டிய சோழ நாடுகளிலிருந்து திரட்டிய தமிழ்ப் படையும் அவனுடன் இருந்தது என்றும் சூளவம்சம் உரைக்கும். அந்நூல் அவனைச் சாவக மன்னன் எனச் சுட்டுகிறது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயர் அச்சாவகரின் நினைவே என்று கொள்வர். மணிமேகலைக் காப்பியமும் சாவக நாட்டைக் கூறும். அந்நாட்டின் தலைநகராக அது காட்டுவது நாகபுரம்.

இனிக் கிறிஸ் கத்தியின் இயல்பை நோக்குவோம். அது இருபுறமும் கூருடைய, குத்துதற்குரிய கத்தி. அதன் அலகு அடியில் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் இருக்கும். அடியின் குறுக்கே கஞ்ச என்னும் இரும்புத் துண்டு பொருந்தியிருக்கும். கைப்பிடி மரத்தாலோ தந்தத்தாலோ கொம்பாலோ ஆயது. உறையின் வாய்ப்புறம் ஓடம் போல விரிந்திருக்கும். அலகு நேராகவும் இருக்கலாம். அலையலையாக நெளிந்தும் இருக்கலாம். கிறிஸ் என்றாலே நெளிந்த கத்தி என்று பலர் எண்ணுவர். உண்மையில் நேரான அலகுடையவையே மிகுதி.

இதன் தொன்மைக்குச் சில உறுதியான சான்றுகள் உள. ஆம்ஸ்டர்டாம் நகர நூதனசாலையில் உள்ள கிறிஸ் ஒன்று சக ஆண்டு 1264 பொறிக்கப்பெற்றது, அதாவது கி.பி. 1342. அக்கத்தியின் அலகைப் போர்த்த செப்புத் தகட்டில் இராமாயணக் காட்சிகள் தீட்டப்பெற்றுள்ளன. நடு யாவாவில் உள்ள சுக்குக் கோயில் 15-ஆம் நூற்றாண்டினது. அங்குள்ள புடைப்புச் சிற்பம் ஒன்று கொல்லன் பட்டறையைக் காட்டுகிறது. வீமன் கத்தி வடிக்கிறான். அருச்சுனன் துருத்தியை இயக்குகிறான். நடுவே யானைமுகன் ஆடுகிறான். அதே நூற்றாண்டின் முற்பகுதியில் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோவுடன் யாவாவுக்குச் சென்ற மா ஹுவான் என்பவர், அங்கே மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியோர் வரை ஆடவர் யாவரும் இடையிற் கத்தி தரித்திருந்தனர் என்று எழுதியுள்ளார். அந்தச் செங் ஹோவே காலி நகரில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டை நிறுவச் செய்தவர். அக்கல்வெட்டு இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

கிறிஸ் வடிக்கும் கொல்லனை யாவா மக்கள் எம்பு என மதிப்புடன் அழைப்பர். அவன் இரும்பின் மீது நிக்கல் கலந்த வேறோர் இரும்பை வைத்துக் காய்ச்சி அடித்து, மடித்து, மீண்டும் அடித்து ஒன்றாக்குவான். பின்னர் தேசிக்காய்ச் சாறும் பாஷாணமும் சேர்ந்த கலவையைப் பூசும்போது இரும்புப் பகுதி கறுக்கும். நிக்கல் உள்ள பகுதி வெண்மையாக ஒளிரும். இவ்வாறு தோன்றும் வரிகளைப் பாமோர் என்பர். வரிகளின் போக்குக்கேற்பச் சிந்திய அரிசி என்றும் பொன்மழை என்றும் அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பிரம்பானான் அருகே விழுந்த விண்கல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் இரும்பும் அரச கத்திகளில் சேர்ந்தது. நிலத்தின் இரும்பும் வானத்தின் இரும்பும் கூடிய கத்தி என்று அதனைப் போற்றியது வியப்பன்று.

இக்கத்தியில் நாகம் இருவகையாக உறைகிறது. ஒன்று வடிவில், மற்றொன்று உருவில்.

வடிவில் உறைவதாவது, அலகு முழுவதும் பாம்பாகக் கருதப்படுதல். நெளிந்த அலகு ஊர்ந்து செல்லும் பாம்பு. நேரான அலகு அசையாது தவத்தில் இருக்கும் பாம்பு. நெளிவை லுக் என்பர். கத்தியின் நுனி மேலாக இருக்கப் பிடித்து, அடியிலிருந்து தொடங்கி இடமும் வலமுமாக மாறிமாறி வளைவுகளை எண்ணினால் அவற்றின் தொகை ஒற்றைப்படையாகவே வரும். மூன்று முதல் பதின்மூன்று வரை பெருவழக்கு. அதற்கு மேற்பட்டனவும் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். நெளிந்த கத்தி யாவும் பாம்புக் கத்தி ஆகா. தமிழர் அறிந்த பிச்சுவாவும் நெளிந்ததே. ஆயினும் அதன் வளைவு, எருமைக் கொம்பிற் செய்த பழைய கத்தியின் வளைவைப் பின்பற்றியது; அதன் பெயர் தேளைக் குறிப்பது. இரண்டும் நெளிந்துள்ளன என்பதால் இரண்டும் ஒரே கருத்தில் பிறந்தவை என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. ஒரு வடிவின் பொருளை அதனை வழங்கும் மக்கள் மரபே உரைக்க வேண்டும்.

உருவில் உறைவதாவது, அலகின்மீது நாகத்தைச் செதுக்குதல். இவ்வகையில் தலைசிறந்தது நாகசஸ்ர. சஸ்ர என்பது ஆயிரம் எனப் பொருள்படும் சகஸ்ரம் என்னும் வடசொல்லின் திரிபு. இக்கத்தியில் நாகத்தின் தலை பிடியை அடுத்துள்ள அடிப்பகுதியில் வாய் திறந்து நிற்கும். தலையில் முடி இருக்கும். உடல் அலகின் நெளிவோடு தானும் நெளிந்து நுனியை நோக்கி ஓடும். செதில்களில் பொன் பதிப்பதும் உண்டு. சில கத்திகளில் நாகத்தின் வாயிலும் பொன் துண்டொன்று வைக்கப்பட்டிருக்கும்.

மற்றொன்று நாகசிலுமான். சிலுமான் என்பது கண்ணுக்குப் புலனாகாது உலவும் ஆவியைக் குறிக்கும். இவ்வகைக் கத்தியில் நாகத்தின் தலை தெளிவாகத் தெரியும். உடலோ அலகோடு கலந்து மறைந்துவிடும். கண்ணுக்கு எட்டும் தலையைக் கண்டு, எட்டாத உடலை உள்ளத்தால் உணர வேண்டும். ஒரே நாகம் ஒன்றில் பொன்னொளியுடன் முழுமையாக வெளிப்படுகிறது. மற்றொன்றில் இரும்புக்குள் ஒளிந்துகொள்கிறது. இவ்விரண்டனுக்கும் உள்ள வேறுபாட்டை நேயர்கள் நினைவில் இருத்துக. பின்னர் அது பயன்படும்.

யாவா நாகத்துக்கும் இந்திய, இலங்கை நாகத்துக்கும் தோற்றத்திலும் வேறுபாடு உண்டு. இங்கே நாகம் என்றவுடன் விரிந்த படமே கண்முன் வரும். ஐந்தலை, ஏழுதலை எனப் படங்கள் பெருகும். கம்போடியாவின் அங்கோர் நகரத்துக் கைப்பிடிச் சுவர்களிலும் அவ்வாறே பல தலைகள் படம் விரித்து நிற்கின்றன. கிறிஸ் கத்தியின் நாகத்துக்கோ தலை ஒன்று, படம் இல்லை, முடியும் அணிகளும் உண்டு. ஒடுங்கிய அலகில் படம் விரிக்க இடமில்லை என்பது ஒரு காரணமாகலாம். யாவாவின் சிற்ப மரபே அந்த வழியிற் சென்றது என்பது மற்றொன்று. இன்றைய இந்தோனீசிய மொழியில் சாதாரணப் பாம்புக்கு உலர் என்று பெயர். நாக என்னும் சொல், முடி தரித்த அந்தத் தெய்வப் பாம்புக்கே உரியது.

கருத்து மட்டும் பொதுவானது. நிலத்தைத் தாங்கும் ஆதிசேடனாகிய அனந்தனை யாவா மக்கள் அந்தபோக என்பர். பாதாள உலகை ஆளும் நாகம் அது. பாலித் தீவின் பெருங்கோயிலாகிய பெசாக்கியின் பெயரை வாசுகியோடு தொடர்புபடுத்துவர். நிலத்தின் அடியில் வாழ்வது நாகம். நிலத்தின் அடியிலிருந்து வருவது இரும்பு. ஆகவே இரும்பாலாய கத்தியில் நாகம் குடியேறியது பொருத்தமே எனலாம்.

இத்தீவுகள் யாவும் நாகத்தை ஒரேபடியாகக் கையாளவில்லை. பாலித் தீவின் கிறிஸ் யாவாவினதைவிட நீண்டது. அதன் பிடியில் தெய்வ, அரக்க உருவங்களைச் செதுக்கிப் பொன்னும் மணியும் பதிப்பர். மலாய்த் தீபகற்பத்தில் அலகில் நாகம் செதுக்குதல் அருகிய வழக்கு. அங்கே நெளிவே போதுமானதாயிற்று. கலைஞனின் கைத்திறன் பறவை போன்ற கைப்பிடியில் வெளிப்பட்டது. பிலிப்பைன் நாட்டின் தென்பகுதியில் மோரோ மக்கள் வைத்திருக்கும் கலிஸ், வெட்டுதற்குரிய வாளாகவே பெருத்துவிட்டது. அதன் அலகு சிலவற்றில் அடிப்பாதி நெளிந்தும் நுனிப்பாதி நேராகவும் இருக்கும்.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கு நாகத்துக்குக் குறைவில்லை. அநுராதபுரத்துக் காவற்கற்களில் நாகராசன் மனித உருவில், தலைமேல் படங்கள் குடைபிடிக்க, கையில் பூரணகும்பம் ஏந்தி வாயிலில் நிற்கிறான். மிகிந்தலையின் நாகபொக்குணையில் பாறையில் செதுக்கிய ஐந்தலை நாகம் நீரைக் காத்து நிற்கிறது. பழைய குளங்களின் மதகருகேயும் நாகக்கற்கள் உள. நீர் இருக்கும் இடத்திலும் வாயில் இருக்கும் இடத்திலும் நாகம் காவல் புரிகிறது.

ஆயினும் கண்டி அரசின் படைக்கலங்களை எடுத்துப் பார்த்தால் அங்கு ஆட்சி செய்வது பெரும்பாலும் வேறு விலங்கு. கஸ்தானே என்னும் சிங்கள வாளின் பிடித்தலையில் சிங்கமுகம் உறுமும். கைகாக்கும் வளைவுகளின் முனைகளில் மகரம் போன்ற முகங்கள் வாய் பிளந்து நிற்கும். பிஹகெத்த என்னும் கத்தியின் பிடியிலும் அலகின் முதுகிலும் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலை ஓடும். அழகு முழுவதும் பிடியைச் சார்ந்து நிற்கிறது. வாளின் அலகு அலகாகவே விடப்பட்டுள்ளது.

இதன் காரணம் என்ன? இலங்கையில் நாகம் இடத்தின் காவலன். குளத்தையும் வாயிலையும் விட்டு அது பெயர்வதில்லை. சிங்கமோ ஆளுவோரின் அடையாளம். ஆகவே அது அதிகாரியின் இடையில் வாளோடு நடந்தது. யாவாவில் கிறிஸ் ஒருவனுடைய பதவிச் சின்னம் மாத்திரம் அன்று. அவன் குடியின் உயிர்ப்பொருள். தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வழிவழி வரும் முதுசொம்மை அவர்கள் புசாகா என்பர். மணமகன் அதனை முதுகுப்புறம் செருகியே மணவறைக்குச் செல்வான். முகரம் மாதத்தில், யாவா வழக்கில் சூரோ மாதத்தில், அதனை வெளியே எடுத்துத் துலக்கி மரியாதை செய்வர். இங்கே குளத்தைக் காக்கும் நாகம் அங்கே குடியைக் காக்கிறது. காவல் ஒன்றே, காக்கப்படும் பொருள்தான் வேறு. நாகம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை நோக்கினால், அந்த மக்கள் எதனை இழக்க அஞ்சினர் என்பது புலப்படும்.

அவ்வாறான முதுசொங்கள் ஒருகால் இலங்கை மண்ணிலேயே தங்கியிருந்தன. மாத்தறம் அரசின் மன்னர் மூன்றாம் அமங்குராத், அரியணைப் போரில் தோற்று 1708-இல் ஒல்லாந்தரிடம் சரணடைந்தார். அவர்கள் அவரை இலங்கைக்கு நாடு கடத்தினர். அரச குலத்தின் புசாகாக்களை அவர் தம்முடன் கொண்டுவந்தார். 1734-இல் அவர் இங்கேயே இறந்தார். அதன் பின்னரே அவர் குடும்பத்தினருடன் அப்பொருள்கள் யாவா திரும்பின. இவரைப் போன்ற நாடுகடத்தப்பட்டோரும், ஒல்லாந்தர் படையிற் சேர்ந்து வந்த வீரருமே இலங்கை மலாய் மக்களின் முன்னோர். சிங்கள மொழியில் அவர்களை இன்றும் ஜா என்று அழைப்பது யாவாவின் நினைவே. ஆங்கிலேயர் ஆட்சித் தொடக்கத்தில் மலாய் வீரர் துப்பாக்கியோடு கிறிஸையும் தரித்திருந்தனர் என்பதை 1803-இல் வெளிவந்த ராபர்ட் பேர்சிவலின் நூல் கூறுகிறது. அவர்கள் பணியாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873-இல் கலைக்கப்பட்டது.

நாகசஸ்ர, நாகசிலுமான் என்னும் வேறுபாடு பயன்படும் இடம் இனி வருகிறது. யோக்யகர்த்தா இளவரசர் திபநகாரா 1825 முதல் 1830 வரை ஒல்லாந்தருக்கு எதிராக யாவாப் போரை நடத்தினார். 1830 மார்ச் 28-ஆம் நாள், பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அவருடைய கிறிஸ் ஒல்லாந்து அரசரிடம் சேர்ந்தது. அதனை வைத்திருந்த அரச அரும்பொருட் காட்சியகம் 1883-இல் மூடப்பட்டு, பொருள்கள் பல இடங்களுக்குப் பிரிந்து சென்றன. அத்துடன் அக்கத்தி எது என்ற அறிவும் மறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது லெய்டன் நூதனசாலையில் பெயரிழந்து கிடந்தது.

பலரும் பன்னாள் தேடியபின் ஒரு கத்தி அடையாளம் காணப்பட்டது. 2020 மார்ச் மாதத்தில் நெதர்லாந்து அரசர் வில்லெம் அலெக்சாண்டர் இந்தோனீசியா சென்றபோது அது திருப்பி அளிக்கப்பட்டது. அதன் பெயர் கியாய் நாகசிலுமான் என்று ஆவணங்கள் கூறின. திபநகாராவின் படைத்தலைவராயிருந்த செந்தோத் எழுதிய குறிப்பும், புகழ்பெற்ற ஓவியர் ராதேன் சாலே எழுதிய குறிப்பும் அவ்வாவணங்களுள் அடங்கும். ஆனால் கத்தி தாயகம் வந்ததும் இந்தோனீசியக் கிறிஸ் அறிஞர் சிலர் ஐயம் எழுப்பினர். இக்கத்தியில் நாகத்தின் உடல் வெளியே தெரிகிறதே. இது நாகசஸ்ர அல்லவா, நாகசிலுமான் எவ்வாறு ஆகும் என்று அவர்கள் வினவினர்.

வினா நியாயமானது. விடை காண்பதற்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். நாகசிலுமான் என்பது ஒரு வடிவத்தின் பெயர். கியாய் நாகசிலுமான் என்பது ஒரு தனிக் கத்திக்கு இட்ட பெயர். கறுப்பன் என்று பெயர் பெற்றவன் நிறத்தால் கறுத்திருக்க வேண்டும் என்பதில்லை. அதுபோலத் தனிப்பெயரும் வடிவப்பெயரும் ஒத்தே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயினும் ஐயம் எழுப்பியோர் செய்ததும் நற்பணியே. ஏட்டைக் கற்றோர் ஏட்டைக் கொண்டும், இரும்பைக் கற்றோர் இரும்பைக் கொண்டும் சோதித்தனர். ஒரு வீரனின் கத்தியை, பாம்பின் உடல் தெரிகிறதா மறைகிறதா என்னும் அளவுக்கு நுணுகி ஆராயக்கூடிய அறிஞர் அந்நாட்டில் இன்றும் இருக்கின்றனர் என்பது பெருமைக்குரியது. இந்தோனீசியக் கிறிஸ் மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2005-இல் மானிட குலத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்து, 2008-இல் தன் பட்டியலிற் சேர்த்ததும் அந்த உயிருள்ள அறிவைக் கருதியே.

இலங்கைக்கும் இச்செய்தி அயலானது அன்று. 2023-இல் நெதர்லாந்து அரசு இந்தோனீசியாவுக்கு 472 பொருள்களையும் இலங்கைக்கு 6 பொருள்களையும் திருப்பி அளிக்க முடிவு செய்தது. இந்தோனீசியப் பொருள்களுள் பாலித் தீவின் கிளுங்குங் கிறிஸ் ஒன்று. இலங்கைக்கு வந்தவை லெவ்கே பீரங்கி, பொன்வேலை வாள், வெள்ளிவேலை வாள், சிங்களக் கத்தி, பெருந்துப்பாக்கிகள் இரண்டு ஆகியன. 1765-இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்றவற்றோடு தொடர்புடையவை அவை. அவை அவ்வாண்டிலேயே கொழும்பு வந்து சேர்ந்தன.

நாகக் கத்தியும் சிங்க வாளும் இவ்வாறு ஒரே நாட்டின் காட்சியகங்களில் தங்கி, ஒரே அறிவிப்பினால் தத்தம் நாடு திரும்பின. திரும்பி வரும் பொருளைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுவது எளிது. வாளின் முனையில் வாய் பிளந்து நிற்பது மகரமா, சிங்கமா, நாகமா, அது அங்கே ஏன் நிற்கிறது என்று கேட்கும் சிறுவனுக்கு விடை கூற வல்லோர் இருத்தல் வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குச் சுற்றுலா செல்லும்போது, வாளின் பிடியையும் காவற்கல்லின் படத்தையும் சற்றே நின்று ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஊருக்குத் திரும்பியபின் தம் குளக்கட்டிலுள்ள நாகக்கல்லையும் ஒருமுறை உற்று நோக்கட்டும். தலைகள் எத்தனை, படம் விரிந்துள்ளதா, உடல் எங்கே மறைகிறது என்று அவர்கள் எண்ணத் தொடங்கினால், அக்கல் அன்று முதல் அவர்களுக்குப் பேசத் தொடங்கும்.